இறக்கிவிட முடியாத வேட்டி: எட்டு முழமா, சாரமா, கில்ட்டா?

பேண்டை விட்டுவிடுவது என்று முடிவெடுத்த அன்று நிம்மதியாக இருந்தது. பதிலுக்கு எதை உடுத்துவது என்று யோசிக்க ஆரம்பித்ததும் அந்த நிம்மதி போய்விட்டது.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், துட்டி (சாவு) போஸ்டர், இப்போது ஃப்ளெக்ஸும். காலை ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி எட்டு மணி வரை நிற்பதும் குனிவதுமாகவே போகும். சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் வெயிலோடு மெஷின் சூடும் சேர்ந்துகொண்டால், ஜீன்ஸ் இடுப்பிலிருந்து முட்டி வரை பிழியாத ஈரத்துணிதான். தொடை இடுக்கில் படர்தாமரை வந்தது. களிம்பு போட்டால் போகும், நிறுத்தினால் பத்து நாளில் திரும்பி வரும். நாலாவது தடவை போனபோது தோல் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “நான் களிம்பு எழுதிக்கிட்டே இருக்கேன், நீங்க ஜீன்ஸைப் போட்டுக்கிட்டே இருக்கிய. ரெண்டுல ஒண்ணை நிப்பாட்டுங்க.” சூடும் ஈரமும் இருக்கும் இடத்தில்தான் அந்தப் பூஞ்சை வளரும். காற்றுப் பட்டு உலர்ந்தால் அடங்கிவிடும்.

ஆக, ஒவ்வொரு காலையும் தனித்தனிக் குழாய்க்குள் விடாத உடை வேண்டும். அந்த வகையில் நம்மிடம் ஏற்கெனவே வேட்டியும் சாரமும் இருக்கின்றன. சென்னையில் லுங்கி, தஞ்சாவூர்ப் பக்கம் கைலி, எங்களுக்குச் சாரம். முக்கால் பேண்டைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். அதுவும் குழாய்தான், கொஞ்சம் குட்டைக் குழாய். அதை விட்டுவிடுவோம். கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் முட்டியளவு மடிப்புப் பாவாடை, கணக்கில் வந்ததற்கு என் மச்சினன் காரணம்.

அவன் ஸ்காட்லாந்தில் அபர்டீனில் வேலை பார்க்கிறான். லீவுக்கு வந்தபோது பெட்டியில் ஒரு கில்ட் இருந்தது. அங்கே ஒரு நண்பனின் கல்யாணத்துக்காக வாங்கினானாம். கட்டிலில் விரித்துக் காட்டினான். பக்கத்தில் என் சாரம் கிடந்தது. அதுவும் கட்டம், இதுவும் கட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. கிட்டே குனிந்து பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. சாரம் சாதா நெசவு, ஊடு நூலும் பாவு நூலும் ஒன்று மேலே ஒன்று கீழே என்று போகும். கில்ட்டின் கட்டத் துணிக்கு டார்ட்டன் என்று பெயர், அதில் இரண்டு நூல் மேலே, இரண்டு நூல் கீழே, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நூல் தள்ளி. அதனால் நிறங்கள் சந்திக்கும் கட்டத்துக்குள் பொடிப்பொடியாகச் சாய்கோடு ஓடுகிறது. கையில் தூக்கினால் கம்பளி கனத்தது, ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது.

“எட்டு கெஜம் துணி அத்தான்” என்றான். எட்டு கெஜம் என்றால் பதினாறு முழம், அதாவது இரண்டு எட்டு முழம் வேட்டி! நம்பாமல் டேப் வைத்து அளந்தேன். பிறகுதான் கணக்குப் புரிந்தது. கில்ட்டின் உயரம் இடுப்பிலிருந்து முட்டி வரைதான். அகலத் துணியில் நாலு கெஜம் வாங்கி, நீளவாக்கில் பாதியாகக் கிழித்து ஒன்றோடொன்று இணைத்தால் எட்டு கெஜம் வந்துவிடும். துணிக்கணக்கில் பார்த்தால் ஒரு முழுக் கில்ட்டும் ஓர் எட்டு முழம் வேட்டியும் ஏறக்குறைய ஒன்றே. நாலு கெஜக் கில்ட் என்று சிக்கனமான இன்னொன்றும் அவர்களிடம் உண்டு, நம் நாலு முழம் மாதிரி. நாம் துணியைக் கணுக்கால் வரை இறக்குகிறோம், அவர்கள் முட்டியோடு நிறுத்தி மிச்சத்தையெல்லாம் பின்பக்கம் கொசுவமாக அடுக்குகிறார்கள்.

சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட்டு நகர்கிறேன், ஏனென்றால் வேட்டியோடு ஒப்பிட அது உதவும். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் முதலில் இருந்தது தைக்காத நீளத் துணி. இடுப்பில் பெல்ட்டால் கட்டி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். குளிரில் அதுவே போர்வை. 18ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மேல்பாதி போய் இடுப்புத் துணி மட்டும் நின்றது. பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீட்க நடந்த ஜாக்கோபைட் கலகத்தை அடக்கிய கையோடு 1746ல் லண்டன் பார்லிமெண்ட் அந்த மலை உடைக்கே தடை போட்டது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் ஜெயில், மறுபடி பிடிபட்டால் ஏழு வருஷம் கடல் கடந்து அனுப்பிவிடுவார்கள். பட்டாளத்துக்காரருக்கு மட்டும் விலக்கு. 1782ல் தடை நீங்கியது. 36 வருஷத்தில் சாதாரண ஜனம் கால்சட்டைக்குப் பழகிவிட்டிருந்தது. 1822ல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் செய்த ஏற்பாட்டில் பெரிய மனிதர்கள் எல்லாம் கில்ட் உடுத்தி நின்றார்கள். வயலில் மாடு மேய்த்தவன் உடுத்தியது அன்றோடு விழா உடை ஆயிற்று. இன்றைக்கும் அங்கே கில்ட் என்றால் பெரும்பாலும் கல்யாணம், விளையாட்டு, பட்டமளிப்பு. சாதாரண நாளில் கடைக்குக் கில்ட்டில் போகிறவனை அங்கேயும் திரும்பித்தான் பார்ப்பார்கள் என்று மச்சினன் சொன்னான். நம் வேட்டிக்கு யாரும் தடை போடவில்லை. நாமாகவே அதைக் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் என்று ஒதுக்கி வைத்துவிட்டோம்.

மச்சினனின் கம்பளிக் கில்ட்டை நான் கட்டிப் பார்த்தது பத்து நிமிஷம். சித்திரை மாதம் திருநெல்வேலியில் கம்பளி! அதற்கு ஜீன்ஸே மேல். ஆனால் பருத்தியில் தைக்கலாம். 2000ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு கம்பெனி கெட்டிப் பருத்தியில் பெரிய பெரிய பை வைத்து வேலைக்கான கில்ட் என்றே விற்க ஆரம்பித்தது. படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் எனக்குப் பழக்கமான தையல்கார அண்ணாச்சியிடம் போனேன்.

“பாவாடையா அண்ணாச்சி? மைனிக்கா, பாப்பாவுக்கா?”

“எனக்குத்தான்.”

படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தொழில்காரர் முகம் வந்துவிட்டது. “இது ஸ்கூல் ஸ்கர்ட்டுல்லா! கான்வென்ட் பிள்ளைகளுக்கு மே மாசம் பூரா இதத்தான் தைக்கேன். அது இடுப்பு இருவத்திரெண்டு, ஒங்களுக்கு முப்பத்தாறு, அம்புட்டுதான்.”

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. அந்தப் பள்ளிக்கூடங்களின் புண்ணியத்தில், மடிப்பு எடுக்கத் தெரிந்த தையல்காரருக்கும் குறைவில்லை. அண்ணாச்சி பென்சிலால் கணக்குப் போட்டார். 58 அங்குல அகலத்தில் காக்கி டிரில் துணி ரெண்டேகால் மீட்டர். நீளவாக்கில் கிழித்து இணைத்தால் ஓரம் போக 165 அங்குலத்துக்கு மேல் வரும். முன்னால் மடிப்பில்லாமல் இரண்டு விரிப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் 18 அங்குலம். மிச்சம் முழுக்கப் பின்னால். 18 மடிப்பு, ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலம் வெளியே தெரியும், ஆறு அங்குலத்துக்கு மேல் உள்ளே ஒளிந்துகொள்ளும். மேல் விரிப்பு எந்தப் பக்கம் வந்து முடியவேண்டும் என்று கேட்டார். ஆண்களுக்கு வலப்பக்கம் என்றேன். உயரத்துக்கு அளவு எடுப்பதுதான் கூத்து. முழங்கால் போட்டு நின்றால் கீழ் விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும், அதுதான் அந்த ஊர் முறை. கடை வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, முழங்கால் போட்டேன். ஆறாங்கிளாசுக்குப் பிறகு அன்றுதான். துணியும் கூலியும் கொக்கியும் சேர்த்து 1,450 ரூபாய் ஆயிற்று.

டார்ட்டன் கட்டம் போட்டுத் தைக்கலாமே என்று மச்சினன் சொன்னான். எந்தக் கட்டம் எந்தக் குலத்துக்கு என்று அங்கே பட்டியல் இருக்கிறது, அரசுப் பதிவேடே 2009 முதல் நடக்கிறது. குலத்துக்கு ஒரு கட்டம் என்ற பழக்கம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் உறுதிப்பட்டதுதான். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. நிறத்தை வைத்து ஆளைச் சொல்லும் வழக்கம் எங்கள் ஜில்லாவில் ஏற்கெனவே பள்ளிக்கூடப் பையன்களின் மணிக்கட்டில் கயிறாக இருக்கிறது. சாதிக் காரணத்தால் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் வெட்டப்பட்ட 2023 நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகள் கூடாது என்று 2024ல் எழுதிக் கொடுத்தது. இந்த ஊரில் இருந்துகொண்டு குலக்கட்டம் உடுத்த எனக்கு மனம் வரவில்லை. காக்கி போதும்.

முதல் நாள் கில்ட்டோடு வீட்டை விட்டு இறங்கும்போது அம்மா திண்ணையில் இருந்தாள். “என்னய்யா இது கோலம்?” என்றாள், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடையில் ஒருவர், “என்னவே, எந்தக் கோயில்ல கொடை? மகுடம் எங்க?” என்று கேட்டார். வெளியூர்க்காரருக்காக ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் நடக்கும் கணியான் கூத்தில் ஆண்களே பெண் வேஷம் கட்டி, மகுடம் என்ற தோல்கருவியை அடிப்பதற்கு ஏற்ப ஆடுவார்கள். கேலிக்குக்கூட உள்ளூர்ச் சரக்குத்தான் கைகொடுத்தது, ஸ்காட்லாந்தை யாரும் நினைக்கவில்லை. மூன்று நாள் கேட்டார்கள். நாலாம் நாள் அவரவர் ஜோலி அவரவருக்கு.

கில்ட் எங்கே ஜெயிக்கிறது என்று முதலில் சொல்கிறேன். மெஷின் பக்கத்தில். ஆஃப்செட் மெஷினில் உருளையும் பெல்ட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். வேட்டி நுனியோ சாரத்தின் அடியோ அதில் மாட்டினால் துணியோடு ஆளும் போவான். ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் போடவோ போகிறவர் உடம்போடு ஒட்டிய உடை உடுத்தவேண்டும் என்று 1948ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே 22ஆம் பிரிவில் சொன்னது. அதன்படி பார்த்தால் பேண்ட்தான் முதல், கில்ட்டை ஒட்டிய உடை என்று சொல்ல முடியாது. ஆனால் முட்டிக்குக் கீழே தொங்க ஒன்றும் இல்லாததால் மூன்றில் ஆபத்துக் குறைந்தது அதுதான். எங்கள் கடையில் மெஷின் ஓட்டும் தம்பி பேண்ட்தான் போடுகிறான், அதை மாற்றச் சொல்லும் எண்ணமும் எனக்கு இல்லை.

மழையிலும் கில்ட்டுக்கே ஜெயம். ஐப்பசியில் கடை வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது நனைய ஒன்றும் இல்லை. பைக்கிலும் பரவாயில்லை, உள்ளே ஒரு அரை டிராயர் இருக்கவேண்டும், உட்காரும்போது பின் மடிப்பைக் கையால் தடவி அடியில் விட்டுக்கொள்ளவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெஞ்சில் உட்காருவதைப் பாருங்கள், அதே கைவாகு. என் மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். படர்தாமரை விஷயத்தில் மூன்றுமே ஒன்றுதான். இரண்டு மாதத்தில் களிம்பே தேவைப்படவில்லை.

தோற்கும் இடங்களும் உண்டு. ஏணி. ஃப்ளெக்ஸ் கட்ட ஏணியில் ஏறினால் கீழே பிடித்துக்கொண்டு நிற்பவன் பாவம். அடுத்தது காற்று. ஆனி மாதம் ஒரு வேலையாகப் பணகுடி வரை பைக்கில் போனேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று அடிக்கும் பாதை அது, காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. பெட்ரோல் பங்கில் இறங்கி நின்றதுதான் தாமதம், 18 மடிப்பும் குடை மாதிரி எழும்பியது. ஒரு கையில் பணம், ஒரு கையில் மானம். கம்பளிக் கில்ட் அதன் கனத்திலேயே படிந்து நிற்கும். வெயிலுக்குத் தகுந்த துணி காற்றுக்குத் தகாது, காற்றுக்குத் தகுந்தது வெயிலுக்கு ஆகாது. இந்தச் சிக்கலுக்கு எங்கள் ஜில்லாவில் விடை கிடையாது.

அப்புறம் இஸ்திரி. ஒரு தடவை துவைத்தால் மடிப்பெல்லாம் கலைந்துவிடும். தெருமுனை இஸ்திரி வண்டி அண்ணாச்சி இரண்டாவது வாரமே, “இதுக்கு மூணு சட்டை தேச்சிரலாம்” என்று ஒதுக்கி வைத்துவிட்டார். மடிப்பை ஓட்டுத்தையல் போட்டு நிறுத்தி, தேய்த்து, பிறகு நூலை உருவவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முக்கால் மணி நேரம் அதற்கே போகிறது. வேட்டியும் சாரமும் கொடியில் போட்டால் ஒரு நேரத்தில் காய்ந்து, உதறி மடித்தால் முடிந்தது.

பை பிரச்சினை மூன்றுக்கும் பொது. ஸ்காட்லாந்துக்காரன் முன்னால் தோல் பை கட்டித் தொங்கவிடுகிறான், ஸ்போரன் என்று பெயர். நம் ஆட்கள் பட்டாபட்டி டிராயரில் பை வைத்துக்கொண்டார்கள், வியாபாரிகள் அகலமான பச்சை பெல்ட்டில், ஆச்சிகள் சுருக்குப் பையில். நான் காக்கிக் கில்ட்டிலேயே இரண்டு பை வைத்துவிட்டேன்.

வேட்டிக்கு வருவோம். மூன்றில் சட்டமே பெயர் சொல்லித் துணை நிற்பது வேட்டிக்கு மட்டும்தான். 2014 ஜூலையில் சென்னையில் வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை ஒரு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டியையோ மற்ற இந்தியப் பாரம்பரிய உடையையோ காரணம் காட்டிப் பொது இடத்தில் தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். 2019ல் அரசு ஊழியர் உடை பற்றி வந்த உத்தரவிலும் ஆண்களுக்குப் பேண்ட் சட்டையோடு வேட்டியும் உண்டு. ஆகவே அரசு வேலையில் இருக்கிறவர் பேண்டை விட நினைத்தால் யோசிக்கவே வேண்டாம், வேட்டி கட்டிப் போகலாம். கில்ட்டுக்கு அந்தச் சட்டம் எந்த விதத்திலும் பொருந்தாது. வாசலில் நிறுத்தினால் திரும்பி வரவேண்டியதுதான்.

பந்தியில் உட்கார, கோயிலுக்குப் போக, கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வேட்டிக்கு ஈடு இல்லை. திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கில்ட்டோடு வரிசையில் நிற்கும் தைரியம் எனக்கு வரவில்லை, அதை முயன்று பார்க்கவும் இல்லை. வேட்டியில் என் சிக்கல் வேறு. அச்சகத்தில் வெள்ளை! கறுப்பு மை ஒரு சொட்டுப் பட்டால் அந்த வேட்டி அன்றோடு மேஜை துடைக்கும் துணி. இடுப்பில் நிற்காமல் அவிழும் பயம் இருந்தவர்களுக்கு ஒட்டிக்கோ வேட்டி வந்துவிட்டது, அதில் பையும் உண்டு. எனக்கு அந்தப் பயம் இல்லை, மைதான் பயம்.

சாரம் வேலைக்குத் தகுந்தது. மை பட்டாலும் கட்டத்தில் மறைந்துவிடும், விலை குறைவு, மூட்டிக் கட்டினால் பைக்கில் விலகாது. மேலப்பாளையம் ஒரு காலத்தில் தறிக்குப் பேர்போன ஊர், இன்றும் நல்ல சாரம் வேண்டுமென்றால் அந்தப் பக்கம்தான் போவேன். ஆனால் சாரத்துக்கு மரியாதை இல்லை. போன வருஷம் ஊருக்குள் ஓர் ஏசி ஹோட்டலில் சாரத்தோடு போனபோது வாசலில் நின்றவர் மரியாதையாகத்தான் சொன்னார், “பார்சல் வாங்கிக்கிடுங்க சார்” என்று. அதே வாசலில் இரண்டு மாதம் கழித்துக் கில்ட்டோடு போனேன். சலாம் வைத்துக் கதவைத் திறந்தார். வெளிநாட்டு உடை, விலை கூடியது என்று நினைத்திருப்பார். சாரத்தைவிடக் குட்டையான, எங்கள் தையல்கார அண்ணாச்சி தைத்த 1,450 ரூபாய்த் துணி அது. 2015 கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்கு உடைக் கட்டுப்பாடு சொன்னபோதும் வேட்டிக்கு இடம் இருந்தது, லுங்கிக்கு இல்லை. பிறகு அந்த உத்தரவுக்குத் தடை வந்துவிட்டது. மனசில் இருக்கும் தடைக்கு எந்த கோர்ட்டில் போய்த் தடை வாங்குவது? பர்மாவில் இதே மூட்டிய துணியைக் கட்டிக்கொண்டுதான் ஆபீசுக்கே போகிறார்கள்.

இதுவரை கணக்குப் பார்த்தால் கில்ட்டும் சாரமும் சமமாக வருகின்றன. ஹோட்டல் வாசலையும் மெஷினையும் வைத்துக் கில்ட் ஒரு படி மேலே. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஆடி மாதம் ஒரு சாயங்காலம் வரை.

எங்களுக்குப் பேப்பர் சப்ளை செய்த டவுண்காரப் பெரியவர் தவறிவிட்டார். நாலு மணிக்குப் போன் வந்தது. கடையிலிருந்து அப்படியே பைக்கை எடுத்தேன், கில்ட்டோடு. துட்டி வீட்டுத் தெருமுனையில் எனக்கு முன்னால் மூன்று பேர் நடந்து போனார்கள். பந்தலைப் பார்த்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில், பேச்சை நிறுத்தாமலே, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்கள். என் கையும் தானாக இடுப்புக்குப் போயிற்று. அங்கே கொக்கிதான் இருந்தது. இறக்க ஒன்றும் இல்லை.

நாம் வேட்டியால் பேசுகிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மடித்துக் கட்டினால் வேலையில் இருக்கிறேன், நடக்கிறேன், சில சமயம் சண்டைக்கும் தயார். பெரியவர் எதிரே வந்தால், சாமி சப்பரம் தெருவில் வந்தால், சாவு வீட்டு வாசலில், சட்டென்று இறக்கிவிடுவோம். வாயால் ஒரு வார்த்தை சொல்லவேண்டியதில்லை. கில்ட் என்பது மடித்துக் கட்டிய வேட்டி, ஆனால் நிரந்தரமாக. அதற்கு இறங்கத் தெரியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு முட்டியும் தெரிய உட்கார்ந்திருந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, என்னைப் பார்க்காமலே, என் மடியில் விரித்துப் போட்டார்.

மறுநாள் டீ குடிக்கும்போது இதைக் கடையில் சொன்னேன். பைண்டிங் பார்க்கும் அண்ணாச்சி, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பசை தடவுவதை நிறுத்தாமல் சிரித்தார். “எங்க தாத்தாவ முட்டுக்குக் கீழ எறக்கவே விடலை. நீங்க காசு குடுத்து முட்டோட வெட்டிட்டு வந்திருக்கிய.”

1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள், அதில் ஒன்று ஆண்கள் முட்டிக்குக் கீழே துணி இறக்கக் கூடாது என்பது. இதைப் படித்திருக்கிறேன். படித்தது வேறு, பசைக் கிண்ணத்துக்கு எதிரே உட்கார்ந்து கேட்பது வேறு. அண்ணாச்சி பதினெட்டு வருஷமாக எங்கள் கடையில் இருக்கிறார். கணுக்காலுக்குத் தண்ணீர் நின்ற நாளில்கூட அவர் வேட்டியை மடித்துக் கட்டி நான் பார்த்ததில்லை. விளிம்பு நனைய நனைய நடந்து வருவார். ஏதோ அவர் பழக்கம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

ஆண் என்றால் பேண்ட் என்ற கட்டை உடைக்கத்தான் பலர் கில்ட்டை எடுக்கிறார்கள். பெண்கள் பேண்ட் போட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஆண்கள் இந்தப் பக்கம் வர என்ன தயக்கம் என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கட்டு நம் ஊரில் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே கால் மூடாத ஆணுக்குப் பஞ்சம் இல்லை. யார் எங்கே எவ்வளவு இறக்கலாம் என்பதில்தான் சண்டையே நடந்திருக்கிறது. என் முட்டி தெரிவது எனக்கு விளையாட்டு. அண்ணாச்சிக்கு இறங்கிய விளிம்பு அவர் தாத்தாவுக்குக் கிடைக்காத ஒன்று.

அதற்காகக் கில்ட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டவில்லை. மழை நாளுக்கும், குற்றாலச் சாரலில் நடக்கவும் அதைவிட நல்ல உடை எனக்குத் தெரியாது. ஆனால் தினசரிக்கு வேறொன்று வேண்டியிருந்தது. ஃபிஜித் தீவில் சுலு என்று ஒன்று உண்டு. நம் சாரம் மாதிரியே சுற்றுத் துணிதான், ஆனால் தைத்தது. இடுப்புப் பட்டையும் பையும் இருக்கும், கோட்டோடு உடுத்தி மந்திரிகள்கூட வருவார்கள், போலீஸ் சீருடையிலும் அது உண்டு. 1903 முதல் நம் ஆட்களும் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன ஊர்தான் அது. அந்த யோசனையைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி தையல்கார அண்ணாச்சியிடம் போனேன்.

மேலப்பாளையத்தில் வாங்கிய அடர்நீலக் கட்டச் சாரம். கணுக்கால் வரை உயரம். இடுப்பில் இரண்டு அங்குலப் பட்டை, உள்ளே நாடா, வலப்பக்கம் கொக்கி, இரண்டு பக்கமும் பை. பின்னால் மடிப்பு ஆறே ஆறு, நடக்கக் கால் வீசும் அளவுக்கு. இஸ்திரி வண்டி அண்ணாச்சி இதற்கு முகம் சுளிப்பதில்லை. மெஷின் பக்கம் போகும்போது மடித்துக் கட்டி நுனியை இடுப்பில் செருகிவிடுகிறேன், வெளியே வரும்போது இறக்கிவிடுகிறேன். துணியும் கூலியும் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிந்தது. ஏசி ஹோட்டல் வாசலில் அந்த ஆள் ஒரு விநாடி யோசித்தார், இடுப்புப் பட்டையைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார்.

வாங்க நினைக்கிறவருக்கு என் கணக்கு இதுதான். ஆபீஸ் வேலை என்றால் வேட்டி, அதில் இரண்டாவது பேச்சு இல்லை. உங்கள் ஊரில் காற்று அதிகம் இல்லை, இஸ்திரி போடப் பொறுமை இருக்கிறது, நாலு பேர் பார்ப்பதை ரசிப்பீர்கள் என்றால் பருத்திக் கில்ட் ஒன்று தைத்துப் பாருங்கள். வாங்காதீர்கள், தைத்துக்கொள்ளுங்கள், ஸ்கூல் யூனிபார்ம் தைக்கும் டெய்லர் எங்கே இருந்தாலும் அவரிடம் போகலாம். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் தைத்த சாரத்தைத்தான் சொல்வேன்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. மடித்துக் கட்டும்போது பை தலைகீழாகிப் போன் கீழே விழுகிறது. இதுவரை இரண்டு தடவை, ஒரு தடவை மைத் தட்டுக்குள்ளேயே. பை வாயில் ஒரு பட்டன் வைக்கவேண்டும், அல்லது பையை மடிப்பு விழும் கோட்டுக்கு மேலே ஏற்றவேண்டும். வியாழக்கிழமை கடை லீவு, அன்றைக்குத் தையல்கார அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். இரண்டாவதுக்குப் பச்சைக் கட்டம் எடுத்து வைத்திருக்கிறேன்.